பருந்துக் காசு

நமது கரையோர ஊர்களில் கலியாணப் பேச்சு நடைபெறும் வீடுகளிலே தவறாது ஒலிக்கும் வினா ஒன்றுண்டு. "பிள்ளைக்கு எத்தனை பவுண்?" என்பதே அது. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும், வீடும் வளவும் பெண்பிள்ளைக்கென்றே எழுதி வைக்கும் வழக்கமுள்ள இந்த மண்ணிலே, வீட்டுக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது பவுண்தான். பேச்சு முறிவதும் அதனால். பேச்சு முற்றாவதும் அதனால்.

பவுண் என்பது யாது? எட்டுக் கிராம் நிறை என்று நகைக்கடைக்காரர் விடை தருவார். அந்த எட்டுக் கிராம் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரும் விழிப்பர். பவுண் ஆதியில் நிறையன்று; அது ஒரு காசு. 1817ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்து வெளியிட்டு வந்த 'சவரன்' என்னும் பொற்காசே அது. அதன் நிறை 7.988 கிராம், தரம் இருபத்திரண்டு கரட். 1918ஆம் ஆண்டிலே பம்பாயிலும் அக்காசு அடிக்கப்பட்டது. அது நமது நாட்டுக்கும் வந்தது, வீடுகளுக்குள் புகுந்தது, தட்டாரின் மூசையில் உருகிக் காப்பாயிற்று, தோடாயிற்று, மாலையாயிற்று. காசு மறைந்தது. அதன் நிறை மாத்திரம் நமது பேச்சில் எஞ்சி நிற்கின்றது.

இவ்வாறு உருகிப்போன ஒரு காசைப் பற்றியதே இவ்வாரக் கட்டுரை. ஆனால் அது இங்கிலாந்துக் காசன்று, அமெரிக்காவில் அடிக்கப்பட்டது. கல்முனைக்கும் அமெரிக்கப் பொன்னுக்கும் என்ன உறவு என்று நேயர்கள் புன்முறுவல் பூக்கலாம். அந்த உறவு எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தது.

மூத்தம்மாவின் பெட்டகம்

என் மூத்தம்மாவின் தகப்பனார், இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின் கப்பலேறிச் சென்று ஹஜ்ஜை நிறைவேற்றி வந்தவர். வயலில் விளைந்ததை விற்றுச் சேர்த்த பணம் அது. திரும்பும்போது கையில் எஞ்சியதை ஜித்தாவிலே பொன்னாக மாற்றி, மகளிடம் கொண்டுவந்து கொடுத்தார். அது ஒரே ஒரு காசு. நாம் அறிந்த பவுண் காசைவிடப் பெரியது. அதிலே அரசர் தலையும் இல்லை, அரசி தலையும் இல்லை. ஒரு புறத்தில் சிறகு விரித்த பறவை ஒன்றும், மறுபுறத்தில் மூன்று வரி இங்கிலீசு எழுத்தும் மாத்திரமே இருந்தன. கழுகைக் கண்டறியாத மூத்தம்மா, தமக்குத் தெரிந்த பறவையின் பெயரை அதற்குச் சூட்டி, 'பருந்துக் காசு' என்றே சொல்லி வந்தாராம்.

1958ஆம் ஆண்டு என் உம்மாவுக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று. பெட்டகம் திறக்கப்பட்டது. தட்டார் காசைத் தராசில் இட்டு நிறுத்துப் பார்த்தார். "நாலு பவுண் சரியாக இருக்கு, உம்மா. உருக்கட்டுமா?" என்று அவர் கேட்க, மூத்தம்மா சற்றும் தயங்காமல், "காசைப் பெட்டிக்குள்ள வைச்சு என்ன செய்யிற? பிள்ளைட கையில கிடந்தா வடிவுதானே" என்றாராம். அவ்வளவுதான். பருந்து மூசைக்குள் இறங்கியது. ஒரு சோடிக் காப்பு வெளியே வந்தது.

பல ஆண்டுகளின் பின்னர், நாணயச் சேகரிப்பைப் பற்றிய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்த நான், அதிலே ஒரு படத்தைக் கண்டு திடுக்கிட்டேன். சிறகு விரித்த கழுகு. மறுபுறம் மூன்று வரி எழுத்து. நான்கு பவுண் நிறை. முதுமையில் இருந்த உம்மாவிடம் நூலைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்த அவர், "இதான் மனே, இதான்" என்றார்.

அமெரிக்கப் பொன்னின் கதை

அமெரிக்க ஐக்கிய நாடுகள் தமக்கென நாணயச் சட்டம் இயற்றியது 1792ஆம் ஆண்டில். அச்சட்டத்திலேயே பத்து டொலர் பொற்காசுக்குக் 'கழுகு' என்று பெயரிடப்பட்டது. ஐந்து டொலர் அரைக் கழுகு. இரண்டரை டொலர் காற் கழுகு. முதற் பொற்காசுகள் 1795இல் வெளிவந்தன. 1848ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலே ஆற்று மணலில் பொன் கண்டெடுக்கப்பட்டதும் நாடே அங்கு திரண்டது. பொன் குவியவே பெரிய காசு வேண்டியதாயிற்று. 1850ஆம் ஆண்டு முதல் இருபது டொலர் பெறுமதியான 'இரட்டைக் கழுகு' புழக்கத்துக்கு வந்தது. அதன் நிறை 33.436 கிராம், நம் கணக்கில் நான்கு பவுணுக்குச் சற்று மேல். பத்தில் ஒன்பது பங்கு பொன். எஞ்சியது பெரும்பாலும் செம்பு.

காசும் கலைப்பொருளாக இருத்தல் வேண்டும் என்று விரும்பிய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், சிற்பி ஒகஸ்டஸ் செயின்ற் கோடன்ஸ் என்பாரிடம் புதிய வடிவம் கேட்டார். கையிலே தீப்பந்தம் ஏந்தி முன்னோக்கி நடந்துவரும் சுதந்திர மங்கையையும், கதிரவன் மேலே பறக்கும் கழுகையும் அச்சிற்பி அமைத்துக் கொடுத்தார். 1907ஆம் ஆண்டு காசு வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. முதலில் அடித்த காசுகளில் உருவங்கள் மிகவும் புடைத்து நின்றமையால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்க இயலவில்லை என்று வங்கிக்காரர் குறைப்பட்டனர், புடைப்பைத் தணித்தனர். இன்றைக்குச் சேகரிப்போர் போட்டியிட்டுத் தேடுவது, வங்கிக்காரர் வேண்டாமென்ற அந்த முதற் காசுகளைத்தான்!

இரண்டு உத்தரவுகள்

1933ஆம் ஆண்டு பிறந்தது. பொருளாதார மந்தத்தால் அமெரிக்க வங்கிகள் மூடப்பட்டுக் கிடந்தன. மக்கள் பொன்னைப் பதுக்கினர். அப்போது ஜனாதிபதியாக இருந்த பிராங்ளின் ரூஸ்வெல்ட், அவ்வாண்டு ஏப்பிரல் 5ஆம் திகதி ஓர் உத்தரவு பிறப்பித்தார். மே மாதம் முதலாந் திகதிக்குள் பொற்காசுகளையும் பொற்கட்டிகளையும் எல்லோரும் ஒப்படைத்துவிட வேண்டும். ஒருவர் நூறு டொலர் வரை வைத்திருக்கலாம். அரிய காசுகளைச் சேகரிப்போரின் காசுகளுக்கும் விலக்கு உண்டு. ஒப்படைத்த பொன்னுக்கு அவுன்ஸ் ஒன்றுக்கு 20.67 டொலர் கிடைத்தது. மறு ஆண்டு சனவரியிலே அரசு பொன்னின் விலையை 35 டொலராக உயர்த்தியது. கொடுத்தவர் கையைப் பிசைந்ததன்றி வேறென்ன செய்ய இயலும்?

சேர்ந்த காசுகள் உருக்கப்பட்டுக் கட்டிகளாயின. அவற்றை வைப்பதற்குக் கென்டக்கி மாநிலத்திலே போர்ட் நொக்ஸ் என்னும் பெருங் காப்பறை கட்டப்பட்டது. நம் மூத்தம்மாமார் பிள்ளையின் கைக்காக உருக்கினர். அமெரிக்க அரசு நாட்டின் கணக்குக்காக உருக்கியது. நெருப்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதே 1933ஆம் ஆண்டு மே மாதத்தில், சவூதி அரேபியாவிலே எண்ணெய் தேடுவதற்கான உடன்படிக்கை ஒன்று மன்னர் இப்னு சவூதின் அரசுக்கும் அமெரிக்கக் கம்பனி ஒன்றுக்கும் இடையில் கைச்சாத்தாயிற்று. காகிதப் பணத்தை நம்பாத அரசு, பொன்னாகவே தரவேண்டும் என்று எழுதிக்கொண்டது. அமெரிக்காவிலிருந்து பொன்னை வெளியே அனுப்ப வழியில்லை. ஆகவே கம்பனியார் இலண்டனிலே 35,000 பவுண் காசு வாங்கிக் கப்பலில் ஜித்தாவுக்கு அனுப்பினர். ஆகஸ்ட் மாதத்தில் அவை ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்கப்பட்டன. நாம் கலியாணத்துக்குப் பேசும் அதே பவுண்தான்!

1938ஆம் ஆண்டு தமாமிலே எண்ணெய் பெருகிற்று. யுத்தத்தின் பின் கம்பனி கொடுக்க வேண்டிய தொகையும் பெருகிற்று. சந்தையிலோ பவுண் காசு கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்தாலும் அதன் விலை உள்ளிருக்கும் பொன்னின் பெறுமதியைவிட மிக அதிகம். வழி என்ன? 1945இல் பிலடெல்பியா நாணயச்சாலை நான்கு பவுண் நிறையில் பொற்றட்டுகளை அடித்தது. 1947இல் ஒரு பவுண் நிறையில் சிறு தட்டுகளையும் அடித்தது. ஒரு புறம் அமெரிக்கக் கழுகும் நாணயச்சாலையின் பெயரும். மறுபுறம் நிறையும் தரமும் காட்டும் எழுத்துகள். அரசர் தலை இல்லை. இத்தனை டொலர் என்ற குறிப்பும் இல்லை. சட்டப்படி அது காசுகூட அன்று. அச்சிட்ட பொன் மாத்திரமே. அமெரிக்கா தன் குடிமக்களின் கையில் விட மறுத்த பொன்னை, இங்கிலாந்தின் பவுண் நிறையில், அரபு நாட்டுக்காக அடித்துக் கொடுத்த விந்தை அது.

அத்தட்டுகளிற் பெரும்பாலானவை சீக்கிரமே உருக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை சில. அவற்றுள் ஒன்றுதான் ஜித்தாவின் காசு மாற்றுவோர் கடையிலிருந்து கல்முனைக்கு வந்து, மூத்தம்மாவின் பெட்டகத்திலே பத்தாண்டளவு உறங்கிப் பின் காப்பாகியது.

இங்கே மற்றொன்றையும் நினைத்துப் பார்க்கிறேன். அக்காலத்திலே, 1949ஆம் ஆண்டில், கல்லோயாவுக்கு அணை கட்டுவதற்காக மொரிசன் நுட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனியார் இங்கினியாகலைக்கு வந்திறங்கினர். மலைபோன்ற யந்திரங்களைக் காண நமது ஊரவர் மாட்டுவண்டி கட்டிச் சென்றனர். அந்தப் பொறியியலாளர்களின் தாய்நாட்டுச் சட்டம், அந்நாட்டுக்குள்ளே பொற்கட்டி ஒன்றை வைத்திருக்கவும் அவர்களை அனுமதிக்கவில்லை. அத்தடை நீங்கியது 1974ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதியன்றே. அவர்களது நாட்டின் கழுகோ, அணையிலிருந்து சில மணி நேரப் பயணத் தூரத்திலே, எழுத்தறியாத ஒரு மூதாட்டியின் பெட்டகத்தில் இருந்தது!

தப்பியவை

இத்தனையும் உருகியபின் இன்று சேகரிப்போர் கையில் அமெரிக்கப் பொற்காசுகள் எவ்வாறு உள்ளன? பெரும்பகுதி, உத்தரவுக்கு முன்னரே வியாபாரக் கடனுக்காகவும் வங்கி இருப்புக்காகவும் ஐரோப்பாவுக்குச் சென்றவை. வீட்டில் இருந்தவை உருகின. வெளியூர் போனவை பிழைத்தன. பிற்காலத்தில் அவை பெட்டி பெட்டியாகத் தாய்நாடு திரும்பின. ஆதலால் 1924ஆம் ஆண்டுக் காசு போன்றவை இன்றும் எளிதிற் கிடைக்கின்றன; அவற்றின் விலை பொன்னின் விலையை அதிகம் தாண்டுவதில்லை.

மறுபுறத்திலே 1933ஆம் ஆண்டுக் காசைப் பாருங்கள். அவ்வாண்டு 445,500 இரட்டைக் கழுகுகள் அடிக்கப்பட்டன. ஒன்றும் புழக்கத்துக்கு விடப்படவில்லை. இரண்டை ஸ்மித்சோனியன் நூதனசாலைக்குக் கொடுத்துவிட்டு மற்றவற்றை 1937இல் உருக்கினர். ஆயினும் சில எவ்வாறோ வெளியேறிவிட்டன. அவற்றுள் ஒன்றை எகிப்திய மன்னர் பாரூக் 1944இல் வாங்கினார். 1952இல் அவர் முடியிழந்தார். 1954இல் அவருடைய பொருள்கள் கெய்ரோவில் ஏலமிடப்பட்டபோது அமெரிக்கா அக்காசைத் திருப்பிக் கேட்டது. காசு மாயமாய் மறைந்தது. 1996இல் நியூயோர்க்கிலே பிரித்தானிய வியாபாரி ஒருவரிடமிருந்து அரசு ஒரு 1933ஆம் ஆண்டுக் காசைக் கைப்பற்றிற்று. வழக்கு நடந்து, முடிவில் இணக்கம் ஏற்பட்டது. 2002இல் அது எழுபத்தைந்து இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. வாங்கியவர் இன்னும் இருபது டொலர் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருந்தது. ஏனெனில் அரசு அதை அதுவரை காசாக வெளியிட்டதே இல்லை அல்லவா? 2021இல் அதே காசு ஒரு கோடியே எண்பத்தெட்டு இலட்சம் டொலருக்கு மேல் விலை போயிற்று. அதுவரை எந்தக் காசும் ஏலத்தில் அவ்விலை பெற்றதில்லை.

இரண்டு காசிலும் பொன் ஒரே அளவுதான். வேறுபாடு பொன்னில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

மாணவர்க்குச் சில சொற்கள்

நாணயம் சேகரிக்கப் பொன் வேண்டும் என்பதில்லை. நம் நாட்டின் பழைய சதுர வடிவ ஐந்து சதமும், அலை விளிம்புள்ள பத்துச் சதமும் போதும், தொடங்குவதற்கு. காசைப் பளபளப்பாக்குகிறேன் என்று புளியோ சாம்பலோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த காசைச் சேகரிப்போர் மதிப்பதில்லை. விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.

பொற்காசு கைக்கு வந்தால் பாடசாலையில் கற்ற ஆர்க்கிமிடீசின் விதி உதவும். முதலில் வெறுமனே நிறுங்கள். பின் நூலிற் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுங்கள். 33.44 கிராம் நிறையுள்ள இரட்டைக் கழுகு, நீரிலே ஏறக்குறைய 1.94 கிராம் குறைந்து காட்ட வேண்டும். அதாவது நீரைப்போல் பதினேழு மடங்குக்குச் சற்று மேலான அடர்த்தி. ஈயமோ பித்தளையோ அந்தக் கணக்குக்கு ஒத்துவராது. ஆயினும் இச்சோதனையில் தேறிவிட்டதனால் மட்டும் காசு அசலாகிவிடாது. உண்மைப் பொன்னிலேயே போலிக் காசு அடித்தவர்களும் உண்டு. விலை மதிப்புள்ளதென்று சொல்லப்படும் காசை, துறை அறிந்தவர் பார்த்து உறுதி கூறாமல் வாங்குதல் பேதைமை.

குடும்பத்தவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அணியும் ஆபரணத்துக்கு ஸக்காத் இல்லை என்பது ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து. ஆனால் பெட்டியில் கிடக்கும் பொற்காசு ஆபரணமன்று. நிஸாப் இருபது மித்கால். ஏறக்குறைய 85 கிராம் பொன். இரட்டைக் கழுகு ஒன்றில் 30 கிராமுக்குச் சற்று மேல் தூய பொன் உண்டு. மூன்று காசு சேர்ந்து ஒரு சந்திர வருடம் கழிந்தால், நாற்பதில் ஒரு பங்கு ஏழையின் உரிமையாகிறது. சேகரிப்பு என்று பெயரிட்டு அதைத் தட்டிக் கழிக்க இயலாது. ஐயமுள்ளோர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

கடலும் காப்பும்

மூத்தம்மா காசை உருக்கியது பிழையா? இக்கேள்வியை நான் பல நாள் எனக்குள் கேட்டதுண்டு. அந்தப் படத்தைக் கண்ட அன்று பிழை என்றே நினைத்தேன். இன்று அவ்வாறு நினைப்பதில்லை.

உம்மா அக்காப்புகளை இருபது ஆண்டுகளுக்கு மேல் அணிந்திருந்தார். 1980ஆம் ஆண்டில் என் காக்கா வேலை தேடிச் சவூதிக்குப் போகப் புறப்பட்டபோது, பயணச் செலவுக்காக அவை விற்கப்பட்டன. எண்ணெய்க்கு ஈடாக அரபு நாட்டுக்குப் போன பொன், ஹாஜியாரின் மடியில் இங்கு வந்து, மறுபடியும் ஒரு பிள்ளையை அந்த எண்ணெய் நாட்டுக்கே அனுப்பி வைத்தது. காக்கா அனுப்பிய பணத்தில் இரண்டு தங்கைமாருக்கு வீடு எழும்பிற்று. பெட்டகத்தில் கிடந்திருந்தால் அந்தக் காசு இதைச் செய்திருக்குமா?

கிடந்திருந்தாலும் இன்று இருந்திருக்கும் என்பதற்கு உறுதி ஏது? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலையிலே கடல் எழுந்து வந்தது. நாட்டிலேயே நமது அம்பாறை மாவட்டத்திலேதான் உயிர்ச்சேதம் மிகக் கூடுதலாக இருந்தது. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீடுகள் அத்திவாரம் மாத்திரம் எஞ்ச அழிந்தன. மூத்தம்மாவின் பழைய பெட்டகமும் அன்றே போயிற்று. பல நாள்களின் பின்னும் பெண்கள் மணலைக் கையால் கிளறிக்கொண்டிருந்ததைக் கண்டவர் மறக்கமாட்டார். சிலர் தேடியது நகையை. சிலர் தேடியது நகையை அணிந்திருந்தவரை.

ஆகவே உருக்காதீர்கள் என்று நான் யாரையும் வேண்டப்போவதில்லை. குமரைக் கரைசேர்க்க நிற்கும் தாயிடம் நாணயவியல் பேசுதல் நகைப்புக்கிடமானது. நான் வேண்டுவது சிறியது. பழைய காசொன்று தட்டாரின் மூசைக்குள் இறங்கு முன்னர் அதன் இரு புறத்தையும் ஒரு முறை பாருங்கள். ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், நிறையை எழுதுங்கள், இன்று வீடுதோறும் கைப்பேசி உண்டு, இரண்டு படம் எடுத்து வையுங்கள். அதனை யார், எப்போது, எங்கிருந்து கொண்டுவந்தார் என்று வீட்டிலுள்ள மூத்தவரைக் கேட்டு ஒரு கொப்பியில் பதியுங்கள். பொன்னிலும் விலை மிகுந்த காசாக இருந்தால், விற்று அதைவிடக் கூடுதலான காப்பு வாங்கலாம். இல்லாவிட்டால் கதையாவது மிஞ்சும்.

எங்கள் வீட்டுப் பருந்துக் காசுக்கு அப்படி எழுதி வைத்தவர் எவருமில்லை. உம்மாவின் ஞாபகம் ஒன்றே அதற்கு ஏடாக இருந்தது. அவரும் இப்போது இல்லை. அதனாலேயே அதை இங்கு எழுதி வைக்கிறேன்.